சாணியின் பாதை: கம்பம் பள்ளத்தாக்கின் காடு, மாடு, கரிமம்

காடு என்றதும் நமது சொல்லாடல்களில் முதலில் வந்து நின்றுகொள்வது மரம். வெள்ளைக்கார வனத்துறை மரத்தை எண்ணியது. கன அடியில் எண்ணியது. இன்றைய கரிமக் கணக்கும் மரத்தைத்தான் எண்ணுகிறது. அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து, அதைச் சூத்திரத்தில் போட்டு, டன்னில் எண்ணுகிறது. நடுவே நூற்றைம்பது வருடங்கள் ஓடியும் எண்ணுகிற கை மாறவில்லை. இந்தக் கணக்கில் விலங்குக்கு இரண்டு வேடங்கள்தான் உண்டு. புலியாகவோ யானையாகவோ இருந்தால் அது காட்சிப்பொருள். மாடாகவோ ஆடாகவோ இருந்தால் குற்றவாளி. ஒரு விலங்கு ஓரிடத்தில் தின்று, நடந்து, இன்னோரிடத்தில் கழிக்கிறது என்ற எளிய காரியம், காட்டின் பொருளாதாரத்தையே தீர்மானிக்கக்கூடும் என்பது மரத்தை எண்ணுபவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஆய்வுலகம் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கையில் எடுத்தது. பெரிய உடம்புள்ள விலங்குகள் அழிந்துபோனதால், மணிச்சத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமக்கும் நிலவிலங்குகளின் சக்தி பழைய அளவில் சுமார் 8 சதவீதமாகச் சுருங்கிவிட்டது என்று கிறிஸ்டோபர் டவுட்டியும் அவருடைய கூட்டாளிகளும் 2016இல் கணக்கிட்டார்கள். மாமதங்களும் ராட்சதத் தேவாங்குகளும் செய்த சுமைகூலி வேலை நின்றுபோனது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நடு ஆப்பிரிக்க மழைக்காடுகளில் யானை இல்லாமல் போனால் தரைக்கு மேலுள்ள மரப்பொருள் 7 சதவீதம் குறையும் என்று 2019இல் இன்னொரு மதிப்பீடு வந்தது. யானை மெல்லிய, வேகமாக வளரும் கன்றுகளை மிதித்துத் தின்று தீர்க்கிறது. அதனால் வெளிச்சமும் தண்ணீரும் மிஞ்சி, அடர்த்தியான கட்டையுள்ள மரங்கள் தழைக்கின்றன. மரத்தை ஒடிக்கிற மிருகம்தான் மரத்தை வளர்க்கிறது. பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் பெரிய பறவைகளும் குரங்குகளும் வேட்டையில் தீர்ந்தால், பெரிய விதையுள்ள மரங்கள் முளைக்க வழியின்றி, நின்றுகொண்டிருக்கும் காடே மெல்ல இலேசான கட்டையுள்ள காடாக மாறிவிடும் என்பது 2015ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. நம் மேகமலையில் இருவாச்சியும் கருங்குங்கிலியமும், சிங்கவால் குரங்கும் வெடிப்பலாவும் இப்படிப்பட்ட உறவில்தான் கிடக்கின்றன. இந்த வேலையை மாடு செய்ய முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் மாட்டைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் வரைபடத்தைக் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கே ஏலமலை, அதற்கப்பால் கேரளம். தென்கிழக்கே மேகமலை, வருசநாடு. நடுவே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகிற ஒரு நீண்ட தொட்டி. 1895 அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. திருவிதாங்கூர் அரசோடு 1886இல் போட்ட 999 வருடக் குத்தகையில் 8000 ஏக்கர். பென்னிகுவிக்கின் பெயரைப் பொங்கலுக்குப் பொங்கல் சொல்லிக் கும்பிடுகிற பள்ளத்தாக்கு இது. தண்ணீர் மலைமுகட்டைத் தாண்டிய கதை எல்லாருக்கும் தெரியும். அதே முகட்டைத் தாண்டி, அதே திசையில் இன்னொரு பொருளும் இறங்கிவந்தது. அதற்கு யாரும் மணிமண்டபம் கட்டவில்லை. அது சாணி.

இந்தப் பகுதியின் மலைமாடு ஒரு தனி ரகம். பால் கொஞ்சம்தான் கறக்கும். அந்தப் பால் கன்றுக்கே சரியாகப் போகும். மேடேறும், கல்லில் கால் வைக்கும், மழையில் நனைந்து நிற்கும், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும். தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்க்கிற மாடு இல்லை. வயிறு முழுக்கக் காட்டுப்புல். இப்படி ஒரு மாட்டை எதற்கு நூறு, இருநூறு என்று ஒருவர் வைத்திருக்க வேண்டும்? காளைக் கன்று உழவுக்கு விற்கும், அது ஒரு வரும்படி. மற்றது எரு. பகலில் மேய்ந்ததை இரவில் பட்டியில் போடும். அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டால் நேராக மண்ணுக்குப் போகும். மலையில் பட்டி போட்டால் அங்கே குவியும், அள்ளிக்கொண்டு வரலாம். மாடு என்பது இங்கே காட்டின் புல்லை வயலின் உரமாக மாற்றித்தருகிற, நான்கு கால் உள்ள ஒரு பட்டறை.

கம்பத்திலிருக்கும் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1906இல் மதுரை மாவட்ட கெசட்டியரை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ், கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தார் கம்பத்தில் ஒரு புனித மந்தையைக் காத்து வருவதையும், அந்த மந்தைக்கு ஒரு அரசக் காளை இருப்பதையும், அது இறந்தால் கரும்புக்கட்டை முன்வைத்து அடுத்த காளையை மந்தையே 'தேர்ந்தெடுக்கும்' சடங்கையும் பதிவு செய்தார். தர்ஸ்டன் 1909இல் அதை எடுத்துக்கொண்டார். இருவருக்கும் அது ஒரு வினோதம். சாதிகளின் அருங்காட்சியகத்தில் வைக்க ஒரு உருப்படி. ஆனால் பாலை நம்பி வளர்க்காத ஒரு மந்தை புனிதமாக்கப்பட்டிருக்கிறது என்றால், அந்தப் புனிதத்தின் அடியில் ஒரு மண்வளப் பொருளாதாரம் இருந்திருக்க வேண்டும் என்று நான் வாசிக்கிறேன். இது என் வாசிப்பு; பக்தர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இனி ஒரு கணக்கு. தோராயக் கணக்குதான். ஒரு நாட்டுமாடு ஒரு நாளைக்குப் பத்து கிலோ பச்சைச்சாணி போடும் என்று வைத்துக்கொள்வோம். பாதி காட்டில் விழும், பாதி இரவில் பட்டியில் விழும். நூறு மாட்டுக்கு ஒரு ராத்திரி 500 கிலோ. பச்சைச்சாணியில் தழைச்சத்து 0.3 முதல் 0.4 சதவீதம், மணிச்சத்து சுமார் 0.2 சதவீதம். ஆக ஒரு ராத்திரிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ தழைச்சத்து, ஒரு கிலோ மணிச்சத்து. வருடம் முழுக்க மேய்ந்தால், 45 கிலோ யூரியா மூட்டையில் 26 முதல் 35 மூட்டைக்குச் சமமான தழைச்சத்தும், 50 கிலோ டிஏபி மூட்டையில் 16 மூட்டைக்குச் சமமான மணிச்சத்தும் அந்த ஒரு பட்டியில் சேருகிறது. மூத்திரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த முப்பது மூட்டை எங்கே போகிறது? மலைமாட்டு அரசியல் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. பட்டி மலையிலேயே இருந்து, வருடா வருடம் இடம் மாறி, சாணி அங்கேயே கிடந்தால், காடு எதையும் இழக்கவில்லை. பரவலாகக் கிடந்த சத்து ஓரிடத்தில் குவிகிறது, அவ்வளவுதான். ஆப்பிரிக்கச் சவானாக்களில் பழைய மாட்டுப்பட்டிகள் இருந்த இடங்கள் நூற்றாண்டுகள் கழித்தும் செழிப்பான புல்தீவுகளாக நிற்பதையும், காட்டுவிலங்குகள் அங்கே தேடிவந்து மேய்வதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சாணி அள்ளப்பட்டு டிராக்டரிலோ லாரியிலோ ஏறினால் கதை வேறு. தழைச்சத்தைக் காடு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றிலிருந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும், நுண்ணுயிரிகள் செய்துகொடுக்கும். மணிச்சத்து அப்படி இல்லை. அது பாறை உடைந்து வரவேண்டும். போனால் போனதுதான். ஆகவே 'மாடு மேய்ஞ்சா காடு அழியும்' என்கிற கட்சியும், 'மாடு மேய்ஞ்சாத்தான் காடு வளரும்' என்கிற எதிர்க்கட்சியும் ஒரே தப்பைச் செய்கின்றன. இருவரும் மாட்டின் வாயைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மறுமுனையை.

மார்க்ஸ் இதைப் பார்த்தவர். லீபிகின் மண்வேதியியலைப் படித்துவிட்டு, முதலாளிய விவசாயம் மண்ணிலிருந்து எடுத்த சத்தை உணவாகவும் துணியாகவும் நகரத்துக்கு அனுப்பி, மண்ணுக்குத் திரும்பவிடாமல் செய்கிறது என்று 'மூலதனம்' முதல் பாகத்தில் எழுதினார். பிற்காலத்தில் இதற்கு 'வளர்சிதைப் பிளவு' என்று பெயர் வந்தது. லீபிக் இன்னும் காரமாக, இங்கிலாந்து தன் வயல்களுக்கு எருவாக்க ஐரோப்பாவின் போர்க்களங்களைத் தோண்டி எலும்பை அள்ளிக்கொண்டு போவதாகக் குற்றம் சாட்டினார். நமது மார்க்சியர்கள் நிலவுடைமையைப் பேசியிருக்கிறார்கள், கூலியைப் பேசியிருக்கிறார்கள். ஆனால் உற்பத்திச் சக்திகளின் பட்டியலில் சாணிக்கு இடம் கிடைக்கவில்லை. காலனி அரசின் அதிகாரிகள் சிலர்கூட இதில் முன்னே நின்றார்கள். 1889இல் இந்தியா வந்து ஊர் ஊராகச் சுற்றிய விவசாய வேதியியலாளர் வோல்க்கர், 1893இல் வெளியான அறிக்கையில், சாணியை வறட்டியாக எரிக்கிற கட்டாயம் விறகில்லாததால் வந்தது, ஆகவே விறகுக்கும் தீவனத்துக்குமென்றே காடுகளை ஒதுக்குங்கள் என்று வாதாடினார். காட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஓடுகிற சத்தின் பாதையை அவர் தெளிவாகவே கண்டார்.

ஆனால் சட்டம் ஏற்கனவே வேறு பாதையில் போய்விட்டது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் காட்டை 'ஒதுக்கியது'. மேய்ச்சல் என்பது உரிமையிலிருந்து சலுகையாகி, சலுகையிலிருந்து கட்டணமாகி, கட்டணம் கட்டாதபோது குற்றமாகியது. இந்த ஜில்லாக்களிலிருந்து கிளம்பிய புகார்களும் கொந்தளிப்பும் சேர்ந்து 1913இல் ஒரு வனக்குழுவே உட்கார்ந்து மேய்ச்சல் குறைகளைக் கேட்க வேண்டி வந்தது. இதே காலத்தில் மலையின் மேல்தட்டு ஏலத்துக்கும் தேயிலைக்கும் காப்பிக்கும் வெட்டித் திறந்துவிடப்பட்டது. மாட்டின் குளம்பு காட்டைக் கெடுக்கும் என்று எழுதிய அதே பேனா, தோட்டக்காரனின் கோடரிக்கு அனுமதி எழுதியது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. வருவாய் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் காடு 'பாதுகாக்கப்பட்டது'.

சுதந்திரத்துக்குப் பிறகு சாணியின் பாதையில் ஒரு திருகல் விழுந்தது. அதைக் கூர்மையாகக் காட்டிய ஆய்வு, நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் பந்திப்பூர் ஓரத்தில் நடந்தது. முனைவர் பட்ட ஆய்வாளராக அங்கே வேலை செய்த எம்.டி. மதுசூதன் 2005இல் வெளியிட்ட கட்டுரை, காட்டோரக் கிராமத்து மாடுகளின் சாணி 1990களில் எப்படி ஏற்றுமதிச் சரக்காக மாறியது என்று விளக்குகிறது. உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியது. தோட்டக்காரர்கள் கையில் காசு புரண்டது. தோட்டத்துக்குத் தொழுவுரம் தேவைப்பட்டது. அதுவரை உள்ளூர் நிலத்துக்குப் போன சாணி லாரியேறி மலையைத் தாண்டியது. உழவுக்கும் பாலுக்கும் வைத்திருந்த மாடு சாணிக்காகவே வைக்கப்பட்டது. சந்தையின் விலைப்பலகைக்கும் புலிகள் காப்பகத்தின் புல்லுக்கும் நடுவே இப்படி ஒரு நூல் ஓடியது. நான் படித்த வனவியல் எழுத்தில் உலகமயம் என்ற சொல்லுக்கு இவ்வளவு நாற்றமடிக்கும், இவ்வளவு துல்லியமான விளக்கத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. கம்பத்தில் காப்பிக்குப் பதில் ஏலக்காய் என்று போட்டுப் படித்துப் பாருங்கள். காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி வழியே ஏலத்தோட்டத்துக்குப் போகும் கூலிப்பெண்களைப் போலவே எருவும் மேலேறுகிறது. காட்டில் பிறந்த சத்து பள்ளத்தாக்கில் இறங்கி, விலையாகி, தோட்ட முதலாளியின் செடிக்கடியில் போய்ச் சேருகிறது. பெரும்பாலும் மாடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர். சாணியின் காசு யாருக்கு, அபராதச் சீட்டும் காட்டுயானையும் யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாட்டுக்கு எதிரான குற்றப்பத்திரிகையில் மிக வலுவான பத்தி ஒன்று உண்டு. மேய்ச்சல் உரிமை பேசும் நண்பர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அது வெக்கை நோய். 1871இலேயே காலனி அரசின் கால்நடைக் கொள்ளைநோய்க் குழு இதைப் பற்றி அறிக்கை தந்தது. ஊர்மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்குத் தொற்றும். 1968இல் முதுமலையிலும், 1970களின் நடுவில் பெரியாற்றிலும் காட்டெருமைக் கூட்டங்கள் இந்த நோயில் மடிந்தன. முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் 1920களில் எட்வர்ட்ஸ் ஆட்டின் உடம்பில் வலுவிழக்கச் செய்த கிருமியைக் கொண்டு தடுப்பூசி உருவாக்கினார். அதன்பின் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகக் கால்நடை ஆய்வாளர்கள் ஊசி போட்டார்கள். 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இந்த நோயின் கதைக்குள்தான் கரிமத்தின் கதையும் இருக்கிறது. 1887இல் ஆப்பிரிக்காவின் எரித்ரியக் கரையில் இத்தாலியப் படை இறக்கிய மாடுகளோடு இந்த நோய் அங்கே நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்பது பரவலான கருத்து. பத்து வருடத்தில் அது தென்முனை வரை மாட்டையும் காட்டெருமையையும் வாரிப்போட்டது. 1960களில் செரங்கெட்டியைச் சுற்றியிருந்த மாசாய் மாடுகளுக்கு ஊசி போட்டு முடிந்தபின், வைல்டுபீஸ்ட் கூட்டம் சில லட்சத்திலிருந்து பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவை புல்லைத் தின்றன. புல் குறைந்ததால் தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்று பிழைத்தது. கரிமத்தைப் புகையாக விட்டுக்கொண்டிருந்த நிலம் கரிமத்தைப் பிடித்து வைக்கும் நிலமாயிற்று. மாட்டுக்குப் போட்ட ஊசி மரமாக முளைத்தது. தீயைப் பற்றித் தேனிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில், ஆளுயரக் காய்ந்த புல்லில் பற்றிய தீ மலையேறப் போன 23 பேரைக் கொண்டுபோனது. மேய்ச்சலை நிறுத்தியதால்தான் தீ என்று இதிலிருந்து ஒரே தாவலில் முடிவுகட்டுவது மோசடி. அடுத்த மழைக்குப் புல் துளிர்க்கட்டும் என்று தீ வைக்கிற பழக்கமும் மேய்ச்சலோடு சேர்ந்தேதான் வந்திருக்கிறது. புல்லை யார் தின்பது, எப்போது தின்பது என்பது தீயின் உயரத்தைத் தீர்மானிக்கிறது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

மண்ணுக்குள் இருக்கும் கரிமத்தைப் பற்றி இந்தியாவிலேயே நீண்டகால ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுமந்த பாக்சியும் அவருடைய மாணவர்களும் இமயத்தின் ஸ்பிதிப் பகுதியில் வேலி போட்டு, மேய்ந்த நிலத்தையும் மேயாத நிலத்தையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார்கள். விலங்கை வெளியே நிறுத்திய துண்டுகளில் மண்கரிமம் வருடத்துக்கு வருடம் 30 முதல் 40 சதவீதம் கூடுதலாக ஏறி இறங்கியது என்பது 2022ஆம் ஆண்டு முடிவு. மேய்ச்சல் மண்ணை நிதானத்தில் வைத்தது. மேய்ச்சல்காரர்களின் தோழர்கள் இதோடு வாசிப்பை நிறுத்திவிட ஆசைப்படுவார்கள். 2023இல் அதே குழு இன்னொன்றும் சொன்னது: காட்டு விலங்கு மேய்ந்த மண்ணைவிட ஊர்க் கால்நடை மேய்ந்த மண்ணில் கரிமம் குறைவு. ஒரு காரணம், டெட்ராசைக்ளின் போன்ற மாட்டு மருந்துகள் சாணி, மூத்திரம் வழியே இறங்கி மண்ணின் நுண்ணுயிரிகளைக் கெடுப்பது. ஸ்பிதியின் குளிர்ப்பாலையும் மேகமலையின் சோலையும் ஒன்றல்ல. முடிவை அப்படியே இங்கே தூக்கி ஒட்ட முடியாது. ஆனால் கேள்வியைத் தூக்கிவரலாம். 'மாடு' என்று ஒற்றைச் சொல்லாகப் பேசுவதை விட்டு, ஊசி ஏறிய கலப்பினமா, மலைமாடா, எத்தனை, எத்தனை மாதம், சாணி எங்கே என்று கேட்கலாம்.

நீதிமன்றம் இப்படிக் கேட்கவில்லை. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம், 1016 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழகத்தின் ஐந்தாவதாக அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில், மேகமலைக் காட்டு மேய்ச்சலை எதிர்த்து வந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் மாநிலத்தின் எல்லா வனங்களிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதமே தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கிக்கொண்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு மேய்ச்சலை, நாடோடி மேய்ச்சல் உட்பட, சமூக உரிமையாக ஏற்கிறது. ஆனால் பழங்குடியல்லாத மேய்ச்சல்காரர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அவருக்கு வீடு பள்ளத்தாக்கில், பட்டி மலையில். பட்டிக்குப் பட்டா கிடையாது. மாடு போன தடத்துக்கு எந்தத் தாசில்தார் சான்றிதழ் தருவார்? 2025 ஆகஸ்டில் நாம் தமிழர் கட்சி போடி மலையடிவாரத்தில் மாடுகளோடு மேய்ச்சல் உரிமைப் போராட்டம் நடத்தியது; அங்கே மாடு இனத்தின் சின்னமாகப் பேசப்பட்டது. நீதிமன்றத்தில் மாடு புலியின் எதிரியாகப் பேசப்பட்டது. இரண்டு இடத்திலும் சாணி பேச்சில் வரவில்லை.

பெரியாற்றுப் பக்கம் இந்தப் பிரச்சினை முன்பே வேறு விதமாக 'தீர்க்கப்பட்டது'. 1996இலிருந்து 2004 வரை உலக வங்கிப் பணத்தில் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காட்டுக்குள் பட்டை உரித்தவர்கள் வழிகாட்டிகளாக்கப்பட்டார்கள். கம்பம் பக்கத்திலிருந்து மாடு ஓட்டிப் போனவர்களுக்கும் ஒரு குழு அமைக்கப்பட்டது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, குமுளிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் சுற்றிக்காட்டுவது. அந்தத் தோட்டங்களுக்கு உரம் இப்போது மூட்டையில் வருகிறது.